மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

சென்ற இதழில் மனச்சோர்வின் அறிகுறிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறிகுறிகளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. சென்னையின் பல மூலைகளிலிருந்தும் வந்த கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "இது இன்னும் எத்தனை காலத்துக்கு?" ஆகவே இந்த முறை முழுப் பக்கங்களையும், மனச்சோர்வும் பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறும் ஆண்டுக்கணக்கில் எப்படிப் போகின்றன என்பதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பகுதியை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

என் மகளுக்கு வயது 24. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு முறையும், வேலைக்குச் சேர்ந்த பின் ஒரு முறையும் டிப்ரஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. இந்த ஆண்டு இரவுப் பணிக்கு மாற்றிய மூன்றாவது வாரத்தில் தூக்கம் அறவே போய்விட்டது. விடிய விடியப் பேசினாள். மாதச் சம்பளத்தை இரண்டே நாளில் செலவழித்துவிட்டு, சொந்தமாகக் கம்பெனி தொடங்கப்போவதாகச் சொன்னாள். இப்போது பார்க்கும் டாக்டர் இது பைபோலார் என்கிறார். அப்படியானால் முன்பு பார்த்தவர் தவறாகச் சொல்லிவிட்டாரா? யாரை நம்புவது?
(ஒரு தாய், பெரம்பூர்)

இருவரையும் நம்பலாம், அம்மா. முதலில் பார்த்தவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். இப்போது பார்ப்பவருக்கு இன்னும் ஐந்தாண்டுக் கதை கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

சர்க்கரை நோயை ரத்தத்தில் அளந்து சொல்வதுபோல மனநிலை நோய்களுக்குப் பெயர் சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. ரத்தம் எடுப்பதெல்லாம் தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். நோய் இன்னது என்று அடையாளம் காட்டுவது அது ஆண்டுகளினூடே போகும் போக்கு. இதை முதலில் முறையாகக் கவனித்தவர்களில் முக்கியமானவர் எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மானிய மருத்துவர். நோயாளி வந்து சேர்ந்த நாளில் எப்படி இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பல ஆண்டுகள் கழித்து என்ன ஆனார் என்பதையும் அவர் குறித்து வைத்தார். ஒவ்வொருவருக்கும் மாதவாரியாக அட்டவணை போட்டார். விழுவதும் எழுவதுமாக, இடையிடையே நன்றாக இருக்கும் காலங்களோடு வருகிற நோயை மற்ற மனநோய்களிலிருந்து 1899இல் அவர் தனியாகப் பிரித்துக் காட்டியது இந்த அட்டவணைகளின் துணையோடுதான்.

பைபோலார் பலருக்குப் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. அதிலும் பலருக்கு முதலில் வருவது சோர்வுதான். பைபோலாரில் வரும் சோர்வையும் வெறும் மனச்சோர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்வது கடினம். மிக இளம் வயதில் தொடங்குவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது பைபோலார் இருப்பது, சோர்வின்போது தூக்கமும் பசியும் குறையாமல் அதிகமாவது, பிரசவத்தை ஒட்டி வருவது என்று சில தடயங்கள் உண்டு. அவை சந்தேகத்தைக் கிளப்புமே தவிர, எதையும் நிரூபிக்காது. எழுச்சி, அதாவது சோர்வுக்கு நேர்மாறாக, உங்கள் மகளுக்கு இப்போது வந்ததுபோல மனம் அளவுக்கு மீறித் துள்ளும் காலம், ஒரு முறையாவது வெளிப்பட்டால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மிதமான எழுச்சி நான்கைந்து நாள் வந்துவிட்டுப் போகும். இரவு மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்புத் தெரியாது, பேச்சு கூடும், வேலை மளமளவென்று நடக்கும். அதை நோய் என்று யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, "அப்போது நான் நன்றாக இருந்தேன்" என்றே நினைவில் வைத்திருப்பார்கள். அதனால்தான் நாங்கள் நோயாளியிடம் கேட்டதையே தாயிடமும் இன்னொரு முறை கேட்கிறோம். இப்படியெல்லாம் இருந்தும் முதல் அறிகுறிக்கும் சரியான பெயருக்கும் நடுவே பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் மகளுக்கு 24 வயதிலேயே தெரிந்துவிட்டதை நான் பெரிய அனுகூலமாகவே எண்ணுகிறேன்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு அது எழுச்சியைத் தூண்டிவிடலாம். எனவே லித்தியம் போன்ற மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துதான் இனி அடித்தளமாக இருக்கும். பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால், அடுத்த முறை சோர்வு தட்டும்போது நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு முறை முழு எழுச்சி வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நோய் மீண்டும் வருகிறது என்பது நெடுங்காலத் தொடர் ஆய்வுகள் காட்டிய உண்மை. உங்கள் டாக்டர் "பல வருடம் சாப்பிட வேண்டும்" என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இரவுப் பணி நோயை உண்டாக்கியதா என்றால், இல்லை. நோய்க்கான வாய்ப்பு உடலில் முன்பே இருந்தது. தூக்கம் கெட்டது அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்க இழப்பு எழுச்சியின் அறிகுறியும் ஆகும், தூண்டுதலும் ஆகும். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, பகல் பணிக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், என் மகளாக இருந்தால், வேறு வேலை பார்க்கச் சொல்வேன். மற்ற எதிலும் இவ்வளவு பிடிவாதமாகப் பேசமாட்டேன்.

எனக்கு 46 வயது. மனச்சோர்வு இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. இந்த முறை மாத்திரை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, ஆறு மாதமாக எந்தக் குறையும் இல்லை. நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை? அது பழக்கமாகிவிடாதா? இனி வாழ்நாள் முழுக்கவா?
(வாசகர், கொளத்தூர்)

நன்றாக இருப்பதே மாத்திரையினால்தானா, மாத்திரை இல்லாமலும் இப்படித்தான் இருப்பேனா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிகிச்சையே இல்லாவிட்டாலும் மனச்சோர்வின் ஒரு சுற்று பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்துத் தானாக ஓய்கிறது. மாத்திரை அந்தச் சுற்றின் வேதனையைச் சில வாரங்களில் அடக்கிவிடுகிறது. ஆனால் உள்ளே சுற்று முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஜுரம் இறங்கிய அன்றே ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது என்று நமக்குத் தெரியும். அதே காரணத்துக்காகத்தான், முதல் முறை வந்தவர்களுக்கும்கூட அறிகுறிகள் முற்றிலும் நீங்கிய பின் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை அதே அளவில் மாத்திரையைத் தொடரச் சொல்கிறோம். குணமானதும் அளவைப் பாதியாக்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு, அதில் பயனில்லை. எந்த அளவு உங்களைக் குணமாக்கியதோ அந்த அளவுதான் உங்களைக் காக்கும்.

நீங்கள் மூன்று முறை விழுந்து எழுந்தவர். ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது, இரண்டு முறை வந்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு, மூன்று முறை வந்தவர்களில் 90 பேருக்கு என்று மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. மருத்துவமனை வரை வந்தவர்களைப் பின்தொடர்ந்து எடுத்த எண்கள் என்பதால் இவை சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் அடுத்ததற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. மறுபக்கம், 31 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான கணக்கைப் பாருங்கள்: குணமான பின் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. உங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்பதே பொதுவான நடைமுறை. அதன் பிறகும் தொடர்வதா என்பதை, ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு கடுமையாக இருந்தது, உயிருக்கு ஆபத்து நேர்ந்ததா, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்பனவற்றைப் பார்த்து நீங்களும் உங்கள் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வாழ்நாள் என்று இன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

பழக்கமாகிவிடுமா என்ற பயத்துக்கு நேரான பதில்: மதுவைப் போலவோ சில தூக்க மாத்திரைகளைப் போலவோ இவை ஏக்கத்தை உண்டாக்குவதில்லை; நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறும். தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற சொடுக்கு, எரிச்சல், கெட்ட கனவுகள் என்று சில நாட்களிலேயே தொடங்கும். இதைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று பயப்படுபவர்களும் உண்டு, "பார், அடிமையாகிவிட்டேன்" என்று கோபப்படுபவர்களும் உண்டு. நோய் திரும்புவது பொதுவாக இத்தனை வேகமாக நடக்காது. அது வாரங்களும் மாதங்களும் கழித்து மெல்ல வரும். நிறுத்துவதென்று முடிவானால், சில மாதங்களில் படிப்படியாகக் குறையுங்கள். வீட்டில் திருமணம், வேலை மாற்றம் போன்றவை இல்லாத காலமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்க வேண்டும். "எந்தக் குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் நாலு மணிக்கே விழிப்பு வருவது, செய்தித்தாளில் ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டியிருப்பது, நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் விடுவது என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அப்படி எச்சமாக நிற்கும் அறிகுறிகள்தான் மறுபடி வருவதைச் சொல்லும் வலுவான அடையாளங்களில் ஒன்று. இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. எண்ணங்களைச் சீர்செய்யும் பேச்சு சிகிச்சையும், கவனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தப் பழக்கும் பயிற்சியும் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன; குறிப்பாக அந்தப் பயிற்சி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் வந்தவர்களுக்கு உதவுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரையோடு சேர்த்தே இவற்றைத் தொடங்கலாம்.

என் மகனுக்கு 31 வயது. ஒன்பது ஆண்டுகளாக பைபோலார். ஐந்து ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறான், அதன் பிறகு பெரிய எழுச்சி வரவில்லை. ஆனால் வருடத்தில் சில மாதங்கள் மந்தமாகவே கிடக்கிறான். தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், எப்படி இருந்தான் என்று எழுதி நூலில் கோத்து வைத்திருக்கிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மருந்து சாப்பிட்டும் ஏன் முழுதாகச் சரியாகவில்லை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்)

ஐயா, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களின் நகலை என் மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் ராகுகாலமும் எமகண்டமும், பின்பக்கம் உங்கள் சின்னக் கையெழுத்தில் "இரவு 11.40, காலை 5.10, இட்லி நான்கு, அத்தையிடம் தானாகவே பேசினான்". அடுத்த தாளில் "இரவு 1.15, காலை 4.30, பழைய நண்பர்கள் ஏழு பேருக்கு போன்". உங்களைப் போன்ற தந்தையர் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். அந்த நூலை அறுக்க யாரையும் விடாதீர்கள்.

மருந்து சாப்பிட்டும் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். எழுச்சிதான் பைபோலாரின் பெரிய பகுதி என்பது பொதுவான எண்ணம், ஏனென்றால் தெருவுக்குத் தெரிவது அதுதான். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முழு எழுச்சி வரும் வகையைச் சேர்ந்த நோயாளிகளைச் சராசரியாக ஏறக்குறைய 13 ஆண்டுகள், வாரம் வாரமாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு அறிகுறியோடு கழிந்தவை மொத்த வாரங்களில் கிட்டத்தட்ட பாதி. அவற்றிலும் சோர்வு வாரங்கள் எழுச்சி வாரங்களைப்போல மூன்று மடங்கு. அந்தச் சோர்விலும் பெரும்பகுதி படுக்கையில் கிடத்தும் சோர்வு அல்ல, நீங்கள் சொல்வதுபோன்ற மந்தம். வேலைக்குப் போவான், போய்விட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். குடும்பம் இதைச் சோம்பேறித்தனம் என்று பெயரிடும்போதுதான் அவன் மனம் மேலும் உடைகிறது.

அதனால் மருந்து பலனளிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒன்பது ஆண்டுகளில் முதல் நான்கையும் பின் ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுச்சி நின்றிருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது. மீதமிருக்கும் மந்தத்துக்கு மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்: தைராய்டு குறைந்திருக்கிறதா (லித்தியமே அதைக் குறைக்கக்கூடும்), ரத்தத்தில் லித்தியம் போதிய அளவில் இருக்கிறதா, சேர்ந்து கொடுக்கும் மற்ற மருந்து அவனை மந்தமாக்குகிறதா, பைபோலார் சோர்வுக்கென்று பயன்படும் குவெட்டியபின், லாமோட்ரிஜின் போன்றவை அவனுக்குப் பொருந்துமா. இவை ஒவ்வொன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் அதைச் சாப்பிடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அது பூமியில் கிடைக்கும் ஒரு எளிய உப்பு. 1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அது எழுச்சியை அடக்குவதைக் கண்டறிந்தார். 75 ஆண்டுகள் கடந்தும், நோய் திரும்பாமல் காப்பதிலும் தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் இத்தனை வலுவான சான்று உள்ள மருந்து இந்த நோய்க்கு வேறு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் 0.6 முதல் 0.8 வரை இருப்பது பலருக்குப் போதும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் எண் பொய்யாக ஏறித் தெரியும். அத்தோடு சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே அலைவது, வாந்தி பேதி, "பி.பி. வந்துவிடும்" என்று உப்பைத் திடீரென்று அடியோடு நிறுத்துவது, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் விரதம் இருப்பது எல்லாமே இதில் அடங்கும். முட்டிவலிக்கும் பல்வலிக்கும் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேதி, குழப்பம் என்று கண்டால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல், "ஐந்து வருடம் ஆகிவிட்டதே" என்று ஒரே நாளில் நிறுத்துவதும் அதே அளவு தவறு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் எழுச்சி சில வாரங்களிலேயே வேகமாகத் திரும்பக்கூடும்.

நாட்காட்டித் தாள்களுக்கு மீண்டும் வருகிறேன். அவற்றை வெறுமனே கோத்து வைக்காமல், பெரிய எழுச்சி வந்த ஆண்டுகளின் தாள்கள் இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் நோய் வரும் வழி பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருக்கு நள்ளிரவில் அலமாரி அடுக்குவது. ஒருவருக்கு திடீரென்று கோயில் கோயிலாகப் போவது. உங்கள் மகனுக்கு, நான் பார்த்த இரண்டாவது தாளின்படி, பழைய நண்பர்களுக்கு போன் போடுவதாக இருக்கலாம். அதை அவனுக்கே காட்டுங்கள். அவன் நன்றாக இருக்கும் நாளில், குற்றம் சொல்லும் குரல் இல்லாமல், "இந்த மாதிரி இரண்டு இரவு சேர்ந்தாற்போல் வந்தால் மூன்றாம் நாள் டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுச்சி ஏறிய பிறகு அந்த ஒப்புதல் கிடைக்காது.

எனக்கு 27 வயது, பைபோலாருக்குச் சிகிச்சை எடுக்கிறேன். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், மாப்பிள்ளை வீட்டில் எதுவும் சொல்லாதே" என்கிறார்கள்.
(வாசகி, தாம்பரம்)

கல்யாணத்தால் இந்த நோய் சரியாவதில்லை, சகோதரி. உறவினர் கூட்டம், தூக்கமில்லாத ஒரு வாரம், புது வீடு, மறைத்து மறைத்து மாத்திரை போட முடியாமல் நிறுத்துவது என்று எல்லாம் சேர்ந்து, திருமணமான முதல் மாதத்திலேயே நோய் திரும்பிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற வழக்கு. மணமகனிடம் நீங்களே, நிச்சயத்துக்கு முன், தேவையானால் உங்கள் மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கேட்டுவிட்டு விலகுபவர் அப்போதே விலகுவது உங்களுக்குத்தான் நல்லது. சிகிச்சையில் நிலையாக இருப்பவர்கள் நல்ல மனைவியாக, தாயாக வாழ்வதையும் நான் அதே அளவு பார்த்திருக்கிறேன்.

குழந்தை பற்றி ஒன்றை மட்டும் இப்போதே கவனியுங்கள். உங்கள் சீட்டில் வால்புரோயேட் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே அதை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது, அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்கள் பைபோலாருக்கு மிக ஆபத்தான காலம் என்பதால், இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கணவருக்கு மாதாமாதம் மருந்து வாங்க முடியவில்லை. "செத்துவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிறார். கீழ்ப்பாக்கம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, வியாசர்பாடி)

முதலில் அவர் சொன்ன வார்த்தை. அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்து போன்றவற்றையும் உங்கள் வசம் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்த நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்; மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை அது. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பும் இத்தகைய நேரத்தில் கேட்பதற்கென்றே இருக்கிறது.

மருந்துக்கு நீங்கள் கீழ்ப்பாக்கம்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். ஆனால் கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசவாக்கி வைத்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம். 1794இல் புரசைவாக்கத்தில் சிறு விடுதியாகத் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்த மருத்துவமனை அது. தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடும்பங்கள் கையில் காசில்லாமல் போய்ச் சிகிச்சை பெற்று வந்த வாசல். தயங்காமல் போகலாம்.

எனக்கு 61 வயது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். 27 வயதிலிருந்து பைபோலார்; இரண்டு எழுச்சி, ஐந்து சோர்வு. இப்போது நன்றாக இருக்கிறேன். வயதாக ஆக நோய் கடுமையாகுமா? என் நினைவு குழம்பும் நாள் வந்தால் என் மனைவி என்ன செய்வாள்?
(வாசகர், ஆதம்பாக்கம்)

34 ஆண்டுகளில் ஏழு சுற்று என்றால், நடுவில் எத்தனை நல்ல ஆண்டுகள் இருந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வேலை பார்த்து, ஓய்வும் பெற்றிருக்கிறீர்கள். வயதானால் கட்டாயம் கடுமையாகும் என்று விதி ஏதும் இல்லை. சிலருக்கு இடைவெளி குறைகிறது, சிலருக்கு சுற்றுகள் மென்மையாகிவிடுகின்றன, சிலருக்கு எழுச்சி அரிதாகிச் சோர்வு மிஞ்சுகிறது.

உங்கள் வயதில் நான் அதிகம் கவலைப்படுவது உடலைப் பற்றி. பைபோலார் உள்ளவர்களின் ஆயுளைக் குறைப்பதில் மாரடைப்பு போன்ற இதய நோய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை இவற்றை மனநலச் சிகிச்சையின் பகுதியாகவே பாருங்கள். லித்தியம் சாப்பிடுபவரானால், சிறுநீரகம் வயதோடு மெதுவாகிவிடுவதால் முன்பு சரியாக இருந்த அளவு இப்போது அதிகமாகிவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பது நல்லது. இதய மருத்துவரோ எலும்பு மருத்துவரோ புது மாத்திரை எழுதும்போதெல்லாம், லித்தியம் எடுப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மனைவியைப் பற்றிய உங்கள் கவலைக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, நீங்கள் தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவரையும் நியமிக்கலாம். இப்போதே உட்கார்ந்து எழுதுங்கள். எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, 27 வயதில் வந்த முதல் எழுச்சியில் எந்த மருத்துவமனை, எத்தனை நாள், மின்னதிர்வு சிகிச்சை தேவைப்பட்டால் சம்மதமா, எழுச்சியின் காலத்தில் ஏ.டி.எம். அட்டையும் வங்கிக் கணக்கும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் கைப்பட எழுதுங்கள். அதைச் சட்டப்படி பதிவுசெய்யும் முறையை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நகல் மனைவியிடம் இருக்கட்டும், இன்னொன்றை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.